மலைக்கு ஒரு பாலம்

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனையின் சாப்ளின் ஐயா ஆற்றிய உரை. பேசியபடியே இயன்றவரை இங்கு தரப்படுகிறது.)



உங்களில் பலர் இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்து வந்திருக்கிறீர்கள் என்று அறிவேன். ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்து உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். மாதந்தோறும் நீங்கள் காணிக்கையோடு எழுதியனுப்பும் சிறு கடிதங்களை அலுவலகத்தில் வாங்கி நான் வாசிப்பதுண்டு. அப்படி ஒரு கடிதத்தில் ஒரு தாயார், "மலையில் இருக்கிற நம் கிளை ஆஸ்பத்திரிக்குக் கோபுரம் கட்டப் பணம் கொடுத்தோமே, அது இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

டாக்டரம்மா என்னைப் பேசச் சொன்னபோது வார்டு ஊழியத்தைப்பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப்பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்களும் நினைக்கலாம். நான் இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் எங்கள் கல்லூரியில் இருந்த ஒரே இயந்திரம் ஒரு டைப்ரைட்டர்தான். ஆனாலும் எனக்கு ஒரு தகுதி உண்டு. நீங்கள் பணம் கொடுத்துக் கட்டிய அந்த இணைப்பை ஒருநாள் காலையில் முழுவதுமாக நிறுத்திவைத்தவன் நான்தான். அறிக்கையில் அது "தொழில்நுட்பக் கோளாறு" என்று இரண்டே சொற்களில் அச்சாகியிருந்தது. அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு மனமில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது கிளை மருத்துவமனை மலையின் இடுப்பில், இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருக்கிறது. பாதையில் போனால் 38 கி.மீ. ஆனால் நம் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்று பார்த்தால், வெயில் தெளிந்த நாட்களில் அதன் வெள்ளைச் சுவர் கண்ணுக்குத் தெரியும். நேர்க்கோட்டில் 14 கி.மீ.தான். செல்போன் கோபுரமோ மலையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கிளையில் நின்றுகொண்டு போனில் பேசவேண்டுமானால், ஒரு கி.மீ. மேலே நடந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குப் போகவேண்டும். அங்கே எப்போதும் நாலு பேர் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அங்கே டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் இருப்பார். மற்ற நாட்களில் இரண்டு சிஸ்டர்களும் ஒரு லேப் தம்பியும்தான். அவர்கள் எடுக்கிற ஈ.சி.ஜி.யையும் எக்ஸ்ரே படத்தையும் இங்கே இருக்கிற டாக்டர் உடனே பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த இணைப்பு. நம் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு தட்டு ஆன்டெனா, அங்கே இரும்புக் கோபுரத்தின்மேல் இன்னொன்று. இரண்டும் முறத்தின் அளவுதான் இருக்கும். ஒன்றையொன்று மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகையால்தான் இதை இருமுனை இணைப்பு என்கிறார்கள். வானொலி நிலையத்தைப்போல எல்லாத் திசைக்கும் ஒலிபரப்புவதல்ல இது, ஒருவர் இன்னொருவர் காதில் பேசுவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை 2018-ம் ஆண்டில் மத்திய அரசு உரிமம் இல்லாமலே பயன்படுத்த அனுமதித்தது. ஆகவே அலைவரிசைக்காக நாம் யாருக்கும் கட்டணம் கட்டவேண்டியதில்லை.

கோபுரம் ஏன் அவ்வளவு உயரம் என்று அப்போது சிலர் கேட்டீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா? போதாது. ரேடியோ அலை ஊசி நூல்போலப் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்து, ஒரு வாழைக்காயைப்போல இருக்கிறது அதன் பாதை. 14 கி.மீ. தூரத்தில் அந்த வாழைக்காயின் நடுப்பகுதி மையத்திலிருந்து சுமார் 13 மீட்டர் வரை விரிந்திருக்கும். அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்கவேண்டும். இடையில் தைலமரத் தோப்பு ஒன்று உண்டு. மரம் வளரும் அல்லவா? ஆகையால் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மரங்கள் எவ்வளவு உயரம் இருக்கும் என்று கணக்குப்போட்டுத்தான் கோபுரம் எழுப்பப்பட்டது. பணத்தை வீணாக்கவில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்து கிளையில் வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் ஜீப்பில் மேலே போய், வியாதியஸ்தர்களோடு பேசி ஜெபித்துவிட்டு மாலையில் திரும்புவது வழக்கம். மருந்து அலமாரி இருக்கிற அறையில் என் பையை வைக்கப் போனேன். சுவரில், பல துவாரங்கள் உள்ள சிறிய பெட்டி ஒன்று உண்டு. சுவிட்ச் என்பார்கள், விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. அந்த அறையின் கம்ப்யூட்டர்களெல்லாம் அதில்தான் வந்து சேரும். அதிலிருந்து ஒரு நீலக் கேபிள் தரையில் கிடந்தது. ஒரு முனை பெட்டியில் செருகியிருந்தது, மறுமுனை சும்மா கிடந்தது. வெள்ளையடிப்பதற்காகக் கம்ப்யூட்டரை நகர்த்தியபோது கழற்றியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. பெட்டியிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது போலும், யாராவது மிதித்துவிடுவார்களே என்று நினைத்து, சும்மா கிடந்த முனையை எடுத்து அதே பெட்டியில் காலியாயிருந்த துவாரத்தில் செருகினேன். "டிக்" என்று அழகாகப் பொருந்தியது. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்கிற திருப்தியோடு ஜெப அறைக்குப் போனேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிராது. மலையின் மேல் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டுகிறது. சிஸ்டர் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அனுப்பினார்கள். போகவில்லை. மறுபடி அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. "ஐயா, நெட் போகலே ஐயா" என்று என்னிடம் வந்து சொன்னபோது, நானும் மற்றவர்களைப்போல "கரண்ட் பிரச்சினையாயிருக்கும்" என்றேன். என் கையால் செய்தது என் மனதில் தோன்றவேயில்லை.

சிஸ்டர் தாமதிக்கவில்லை. ஆஸ்பிரின் மாத்திரையைச் சவைக்கக் கொடுத்துவிட்டு, ஈ.சி.ஜி. தாளைத் தன் போனில் படமெடுத்து, போனை லேப் தம்பியின் கையில் கொடுத்து மூன்றாவது வளைவுக்கு ஓடச் சொன்னார்கள். அவன் ஓடினான். அங்கே சிக்னல் கிடைத்து, படம் போய், டாக்டர் பார்த்து, பதில் சொல்லி, அவன் திரும்பி ஓடிவர 50 நிமிடம் ஆயிற்று. மற்ற நாட்களில் இது ஐந்து நிமிடத்தில் நடக்கிற காரியம். பெரியவரை ஜீப்பில் கீழே கொண்டுவந்தோம். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்தார். இன்றும் உயிரோடிருக்கிறார். ஆனால் முன்போல மலையேற முடியவில்லை, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அந்த 45 நிமிடம் அவருடைய இருதயத்தில் எவ்வளவை எடுத்துக்கொண்டது என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

கீழே வந்தபோது இன்னொரு காட்சி. இங்கேயும் எல்லாம் நின்றிருந்தது! வெளிநோயாளர் சீட்டு எழுதும் இடத்தில் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர் நகரவில்லை. ஸ்கேன் அறையின் பிரிண்டர் செத்துக் கிடக்கிறது. மலைமேல் ஒரு கேபிளைச் செருகினால் 14 கி.மீ. தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஏன் நிற்கவேண்டும்? இதுதான் நான் உங்களுக்கு விளக்க விரும்புகிற விஷயம். எனக்கு இதை விளங்கவைத்தது நம் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற தம்பி. மூன்று மாலை என்னோடு உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

ஒரே கட்டிடத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் ஒரு கூட்டுக் குடும்பம்போல. ஒன்றுக்கு இன்னொன்றின் இருப்பிடம் தெரியாவிட்டால், "இன்ன விலாசக்காரர் யாரப்பா?" என்று வீடு முழுவதும் கேட்கும்படி ஒரு சத்தம் போடும். உரியவர் "நான்தான்" என்பார். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். சிறிய வீட்டில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சுவிட்ச் பெட்டியின் வேலை, இப்படிப்பட்ட சத்தம் ஒரு துவாரத்தின் வழியாக வந்தால் மற்ற எல்லாத் துவாரங்கள் வழியாகவும் அதை வெளியே விடுவது.

நான் செருகிய கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தன. ஒரு சத்தம் ஒரு முனை வழியே வெளியே போய், மறுமுனை வழியே உள்ளே வரும். புதிதாய் வந்ததுபோல மறுபடி எல்லாத் துவாரத்துக்கும் போகும். மறுபடி வரும். இந்தச் சத்தங்களுக்கு வயது கிடையாது என்பதுதான் மோசம். இன்டர்நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே வரும், பூஜ்யமானதும் அது செத்துப்போகும். ஆனால் ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறவற்றுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. எவராவது கேபிளைப் பிடுங்கும்வரை அவை சுற்றிக்கொண்டேயிருக்கும். விநாடிக்குப் பல்லாயிரம். பெட்டியின் விளக்குகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வெறிபிடித்தாற்போல மின்னும். அதைப் புயல் என்றே இத்துறையில் சொல்கிறார்கள்.

சரி, புயல் மலையோடு நிற்கவேண்டியதுதானே? நிற்கவில்லை. ஏனென்றால் நாம் இரண்டு வீட்டையும் ஒரே வீடாக்கியிருந்தோம். தூரத்திலுள்ள இரண்டு கம்ப்யூட்டர் கூட்டங்களை இணைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று பாலம். அதன் வழியாக எல்லாமே கடக்கும், கூச்சல் உட்பட. இன்னொன்று நடுவில் ரூட்டர் என்கிற வாசற்காவலரை வைப்பது. அக்கரைக்கென்று விலாசமிட்ட கடிதத்தை மட்டும் அவர் அனுப்புவார், வீட்டுக் கூச்சலை வாசலிலேயே நிறுத்திவிடுவார். பாலம் போடுவது சுலபம். இரண்டு பெட்டியையும் செருகினால் போதும், அங்கிருந்து அச்சிட்டால் இங்கே பிரிண்டரில் தாள் வரும். நமக்கும் அப்படித்தான் போட்டுத் தந்தார்கள், நாமும் சந்தோஷமாக ஸ்தோத்திரம் சொல்லி ஏற்றுக்கொண்டோம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாம் கேட்டது இணைப்பு, கேட்டதைத் தந்தார்கள். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கு அது போதும். நாமோ அதன்மேல் வருடத்துக்கு வருடம் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக்கொண்டே போனோம்.

தம்பிக்கு அன்று மூன்று மணி நேரம் பிடித்ததற்கும் காரணம் இதுதான். இங்கேயும் அங்கேயும் ஒரே வீடாக இருந்ததால், புயல் எந்தப் பக்கம் பிறந்தது என்று அவனால் சொல்லமுடியவில்லை. இங்கிருந்தபடி மலைமேல் இருக்கிற கருவியை விசாரிக்கலாம் என்றால், விசாரிக்கிற வழியும் அதே நிரம்பிப்போன பாலம்தான். கடைசியில் மோட்டார் சைக்கிளில் மலையேறிப் போய், கேபிள்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினான். நீலக் கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாயின. இது யார் செருகியது என்று போனில் கேட்டான். நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பிறகுதான், "நான்தான் தம்பி" என்றேன்.

இந்தத் தவறு நம்மைப் போன்ற சிறிய ஸ்தாபனங்களுக்குத்தான் நேரும் என்று நினைக்காதிருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம் என்று ஒரு பெரிய மருத்துவமனை உண்டு. மெதடிஸ்ட் சபையின் டீக்கனஸ் சகோதரிகள் 1896-ல் தொடங்கிய ஆஸ்பத்திரியும், யூத சமுதாயத்தார் நடத்திய ஆஸ்பத்திரியும் 1996-ல் ஒன்றாக இணைந்து உண்டானது. கம்ப்யூட்டர் விஷயத்தில் நாடே பார்த்துப் பின்பற்றிய இடம். அங்கே 2002-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதன்கிழமை, இதே வகையான புயல் அடித்தது. நாலு நாட்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் காகிதத்தில் நடத்தினார்கள். கம்ப்யூட்டரிலேயே மருந்து எழுதிப் பழகிய இளம் மருத்துவர்கள், கையால் சீட்டு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. லேப் முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

அங்கே கேபிளை மாற்றிச் செருகிய சாப்ளின் எவரும் இல்லை. ஆனால் காரணத்தின் வேர் ஒன்றுதான். வருடக்கணக்காகப் பெட்டியோடு பெட்டியைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே வீடாக வளரவிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வளையங்களைத் தடுப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ரேடியா பெர்ல்மன் என்கிற பெண்மணி. டிஜிட்டல் என்கிற கம்பெனியில் வேலைபார்த்தபோது, 1985-ல் அதை வெளியிட்டார். பெட்டிகள் தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்துகொண்டு, தேவையற்ற வழிகளைத் தாங்களே அடைத்துவிட்டு, வளையமே இல்லாத ஒரு மரம்போல அமைந்துகொள்ளும். அந்தக் கட்டுரைக்கு அவர் மரத்தைப்பற்றி ஒரு சிறு கவிதையும் எழுதிச் சேர்த்தார் என்று அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாயிருந்தது. ஆனால் அந்த மரத்துக்கும் ஓர் அளவுண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு பெட்டிகளுக்குமேல் போகாதபடிதான் அதன் கணக்குகள் வகுக்கப்பட்டவை. பாஸ்டனில் அந்த அளவைத் தாண்டிப்போயிருந்தது. ஒரு பெரிய பாரம் வந்தபோது பெட்டிகளுக்குள் பேச்சுத் தடைப்பட்டு, அடைத்திருந்த வழிகள் திறந்துகொண்டன. நம் கிளையில் இருந்த மலிவான பெட்டியிலோ அந்த முறையே கிடையாது.

அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் தலைவராயிருந்த டாக்டர் ஜான் ஹலம்கா, நடந்ததை மறைக்காமல் எல்லோரும் அறியச் சொன்னார். மற்ற மருத்துவமனைகள் அதைப் படித்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டார். இன்று நான் உங்கள்முன் நின்று இதையெல்லாம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதன்பின் நாம் செய்தது என்ன? இரண்டு முனையிலும் ரூட்டர் வைத்தோம். மலை ஒரு வீடு, கீழே இன்னொரு வீடு. யாத்திராகமத்தில் எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன ஆலோசனை உங்களுக்கு நினைவிருக்கும். ஜனங்களின் எல்லா வழக்கும் காலைமுதல் மாலைவரை மோசேயிடமே வந்துகொண்டிருந்தது. சிறிய காரியங்களை அங்கங்கே தீர்த்துக்கொள்ளட்டும், பெரியது மட்டும் உன்னிடம் வரட்டும் என்றார் மாமனார். தம்பி ரூட்டரைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவனிடம் சொன்னேன், "நல்லா இருக்கு ஐயா, ஆனா எத்திரோவுக்கு பாஸ்வேர்டு மறந்துபோகாது" என்றான்.

ஒன்றை உண்மையாகச் சொல்லவேண்டும். ரூட்டர் மட்டும் அன்று இருந்திருந்தால் கீழே ஆஸ்பத்திரி நின்றிருக்காது, கோளாறு மேலேதான் என்று தம்பிக்கு உடனே தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெரியவரின் ஈ.சி.ஜி. அப்போதும் போயிருக்காது. ஏனென்றால் புயல் அந்த வீட்டுக்குள்ளேயே அடித்தது. அதற்கு வேறு பரிகாரம் வேண்டும். ஆகையால் கிளையில் அந்த மலிவான பெட்டியை எடுத்துவிட்டு, வளையம் உண்டானால் அந்தத் துவாரத்தைத் தானே மூடிக்கொள்ளும் நல்ல சுவிட்ச் வைத்தோம். ஈ.சி.ஜி. கருவிக்கும் எக்ஸ்ரேக்கும் தனிப் பாதை பிரித்தோம். பயன்படாத துவாரங்களையெல்லாம் அடைத்தோம். பெட்டிக்குப் பூட்டும் போட்டோம். அதன்மேல் சிஸ்டர் தன் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் இன்றும் இருக்கிறது: "அனுமதியின்றி யாரும் தொடக்கூடாது. சாப்ளின் ஐயாவுக்கும் சேர்த்துத்தான்."

இப்போது நான் உங்களிடம் வந்ததின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணியில் நமக்கு முன்னோடிகள் தூரதேசத்தில் இல்லை, தேனியில் இருக்கிறார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அதன் தேனி மருத்துவமனையிலிருந்து சுற்றிலுமுள்ள சிறிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுக்கு, 2000-களின் நடுப்பகுதியில், இதேபோல இருமுனை ரேடியோ இணைப்புகள் போட்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் நடத்திய குழு கூட நின்று உதவிசெய்தது. கிராமத்துப் பாட்டி தன் ஊரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தேனியில் இருக்கிற டாக்டர் திரையில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஒருநாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குச் செலவுசெய்து போகவேண்டியதில்லை.

அவர்கள் பயன்படுத்தியது சாதாரண வைஃபை கருவிகள், வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கென்று செய்தவை. தூரத்துக்கு அது அப்படியே ஒத்துவரவில்லை. வைஃபை ஒவ்வொரு பொட்டலத்தை அனுப்பியதும், "கிடைத்தது" என்கிற பதிலுக்காகக் காத்திருக்கும். காத்திருக்கிற நேரம் ஒரு வீட்டின் அளவுக்கு வைத்தது. நம் 14 கி.மீ. தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒருவழிக்கு 47 மைக்ரோ விநாடி ஆகிறது, பதில் வர இன்னொரு 47. அதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து, கடிதம் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுவார். பெர்க்லி குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் கேளாமல் ஒரு கட்டுக்கு ஒரு பதில், ஒரே கோபுரத்திலிருக்கும் ரேடியோக்கள் முறைவைத்துப் பேசுவது, வழியில் சில தொலைந்தாலும் மீதியிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி கொஞ்சம் கூடுதலாக அனுப்புவது. வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்குவரை கூடியது. 2007-ல் இதை வெளியிட்டார்கள். நம் கோபுரத்திலிருக்கும் கருவியிலும், இப்போது கடையில் விற்கும் இத்தகைய கருவிகள் பலவற்றிலும், தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

ஆனால் என்னை அதிகமாய்த் தொட்டது அடுத்த வருடம் அவர்கள் வெளியிட்டது. 2008-ல், தேனியிலும் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவிலும் இப்படிப்பட்ட இணைப்புகளைப் பல வருடம் நடத்திப் பார்த்ததில் எது கெட்டுப்போகிறது என்று எழுதினார்கள். கெட்டித்தனமான கணக்கெல்லாம் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது கரண்ட். கிராமத்து மின்சாரம் திடீரென்று உயரும், தாழும், போகும், வரும். அதில் கருவிகள் வெந்துபோயின. பேட்டரி வைத்தால், அது தீரும் தறுவாயில் மின்னழுத்தம் குறைந்து ரூட்டர் பாதி உயிரோடு தவித்து, அதன் நினைவுச் சில்லிலுள்ள எழுத்தெல்லாம் சிதைந்துபோயிற்று. சாகவும் மாட்டாது, பிழைக்கவும் மாட்டாது. ஆகையால் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுத்தமாக நிறுத்திவிடும் சிறு கருவியை இடையில் வைத்தார்கள். அடுத்தது ஆள். கோளாறு என்ன என்று சொல்லத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லாவிட்டால், தூரத்திலுள்ள நிபுணர் வந்துசேரும்வரை எல்லாம் கிடப்பில் கிடக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கினால் மட்டுமே நிலைக்கும் என்று கண்டார்கள்.

நண்பர்களே, நான் சபை ஊழியத்திலும் மருத்துவமனை ஊழியத்திலுமாக நாற்பது வருடத்துக்குமேல் காணிக்கை கேட்டு வந்திருக்கிறேன். மணிக்கூண்டு, சுற்றுச்சுவர், எக்ஸ்ரே இயந்திரம், இந்தக் கோபுரம் என்று கேட்டவுடன் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் கல்வெட்டு உண்டு. கோபுரத்தின் அடியிலும் உங்கள் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறோம், மாலையில் ஜீப் புறப்படும்போது போய்ப் பாருங்கள். பேட்டரிக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அந்த இணைப்பின் நாலு பேட்டரிகளும் மூன்று நாலு வருடத்துக்கொருமுறை சாகின்றன. முதல் தொகுதி செத்தபோது நம்மிடம் அதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கி வைக்கப்படவில்லை. இரண்டு மாதம் கரண்ட் போகும்போதெல்லாம் இணைப்பும் போனது. இது என் கேபிளைப்போல ஒரு நாள் நடந்த விபத்து அல்ல. தெரிந்தே விட்டது, என்னையும் சேர்த்துக் கமிட்டியில் உட்கார்ந்திருந்த எல்லோரும்.

ஆகையால் இந்த வருடம் பெரியதாக எதையும் கேட்கவில்லை. நாலு பேட்டரிகளும் ஒரு மின்னழுத்தச் சீராக்கியும் வாங்கவேண்டும். மாற்று ரேடியோ ஒன்று அலமாரியில் இருக்கவேண்டும். இடி விழுந்த மறுநாள் கடைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க முடியாது. மேல் கிராமத்தில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். தம்பி அவளுக்கு ஆறு மாதமாக வேலை பழக்கிவருகிறான். ஏணியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவதில் அவள் அவனைவிடக் கெட்டிக்காரி என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஒரு நிதி வேண்டும், ஒரு வருடத்துக்கு அல்ல, தொடர்ந்து. படிவத்தில் "பராமரிப்பு" என்று ஒரு கட்டம் புதிதாக அச்சிட்டிருக்கிறோம். கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. அச்சகத்தார் இடமில்லை என்றார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

எர்த் குழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. இடி இறங்கினால் பூமிக்குப் போகும்படி, கோபுரத்தின் அடியில் குழிவெட்டி, கரியும் உப்பும் இட்டுச் செப்புத் தகடு புதைத்திருக்கிறோம். கோடையில் அந்த மண் காய்ந்துவிட்டால் பிரயோஜனமில்லை. ஆகையால் வாரத்துக்கு இரண்டுமுறை அதில் தண்ணீர் ஊற்றவேண்டும். அந்த நெஞ்சுவலிப் பெரியவரின் மருமகள் இப்போது கிளையில் துப்புரவு வேலை செய்கிறாள். ஓடையிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறவள் அவள்தான். பெரியவர் சில நாட்களில் திண்ணையில் உட்கார்ந்தபடி, இன்றைக்கு ஊற்றினாயா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். நடந்ததை நான் அவரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். "கயிறு சும்மா கிடந்தா எடுத்துக் கட்டத்தான் தோணும் சாமி" என்றார்.

ஜீப் நாலரை மணிக்குப் புறப்படும். மேலே வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மழை வருவதுபோல் இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள்.